பொருள் முன், பெயர் பின்: ஹோஷங்காபாத் அறிவியற் பாடமுறையின் வரலாறு

பாடம் திட்டமிடுதல் என்பது ஆசிரியப் பயிற்சிக் கல்லூரிகளுக்கே உரிய செய்தி என்றும், மொழியாராய்ச்சியாளர்க்கு அதனால் ஆவது ஒன்றுமில்லை என்றும் கருதுவோர் உளர். அறிவியற் பாடத்தைப் பொறுத்தவரை இக்கருத்துப் பொருந்தாது. ஆறு, ஏழு, எட்டாம் வகுப்புகளில் பயிலும் சிறார்க்கு அறிவியற் பாடம் ஒன்றினை அமைக்கப் புகும் ஆசிரியர் முதற்கண் விடைகாண வேண்டிய வினா, பொருளை முன்வைப்பதா, அதன் பெயரை முன்வைப்பதா என்பதாகும். பெயர் முன்வரின் பாடம் சொற்பொருள் விளக்கமாக முடியும். பொருள் முன்வரின், அதனைக் கண்டு பேசும் சிறுவனுக்கு ஒரு பெயர் தேவைப்படும். அத்தேவை எழுந்தபின் பெயர் வரும். இவ்விரு நெறிகளுள் பின்னதைத் தேர்ந்து, தனியார் பள்ளிகளில் அன்றி, நாட்டுப்புறத்து அரசுப் பள்ளிகளிலேயே முப்பது ஆண்டுகள் நடத்திக் காட்டிய முயற்சி ஒன்று 1972 முதல் 2002 வரை மத்தியப் பிரதேசத்தில் நிகழ்ந்தது. ‘ஹோஷங்காபாத் அறிவியல் கற்பித்தல் திட்டம்’ என வழங்கிய அம்முயற்சியின் வரலாற்றை மொழி நோக்கில் ஆராய்தலே இக்கட்டுரையின் கருத்து. இன்று அம்மாவட்டம் நர்மதாபுரம் எனப் பெயர் மாற்றம் பெற்றுள்ளது. எனினும் திட்டம் பழைய பெயராலேயே அறியப்படுதலின் ஈண்டும் அதுவே ஆளப்படுகின்றது.

இந்திய ஆசிரியப் பயிற்சியில் நெடுங்காலம் செல்வாக்குப் பெற்றிருந்தது ஜெர்மானிய அறிஞர் ஹெர்பார்ட் (1776–1841) வழிவந்த பாடத்திட்ட முறையாகும். அவர் கூறிய படிகள் நான்கு. அவர் மாணவர் மரபினராகிய சில்லர், ரைன் முதலியோர் அவற்றை ஐந்தாக்கினர். ஆயத்தம், எடுத்துரைத்தல், ஒப்பிடுதல், பொதுமை காணல், பயன்படுத்தல் என்னும் அவ்வைந்து படிகளும் பாடக்குறிப்பேட்டின் ஐந்து கட்டங்களாகவே சுருங்கிவிட்டன. அம்முறையில் குறைகூற ஒன்றுமில்லை என்பாரும் உளர். ஆயின் அதன்கண் எடுத்துரைப்பவர் ஆசிரியரே; மாணவன் செய்வது யாது என்பதற்குத் தனிக் கட்டம் இல்லை. இதற்கு மாறாக, இங்கிலாந்தில் வேதியியல் அறிஞர் ஆம்ஸ்டிராங் (1848–1937), மாணவனைக் கண்டுபிடிப்பாளன் நிலையில் வைத்துக் கற்பித்தல் வேண்டும் எனப் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் வற்புறுத்தினார். அவர் முறை புகழப்பட்ட அளவிற்குப் பின்பற்றப்படவில்லை. இந்தியாவில் 1964 முதல் 1966 வரை பணியாற்றிய கோத்தாரிக் கல்விக்குழு, பள்ளிக் கல்வியின் முதற் பத்தாண்டுகளில் அறிவியல் அனைவர்க்கும் கட்டாயப் பாடமாதல் வேண்டும் எனப் பரிந்துரைத்தது. பாடம் கட்டாயமாயிற்று; ஆய்வுக்கூடம் இல்லாத சிற்றூர்ப் பள்ளியில் அதனைக் கற்பிக்கும் வகை யாது என்ற வினா எஞ்சி நின்றது.

அவ்வினாவிற்கு விடைதேடி 1972ஆம் ஆண்டு இரு தொண்டு நிறுவனங்கள் ஒன்று சேர்ந்தன. ஒன்று, ரசூலியாவில் குவேக்கர் சமயத்தார் நிறுவிய நண்பர்கள் ஊரக மையம். மற்றொன்று, பம்பாய் டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிலையத்தில் மூலக்கூற்று உயிரியல் ஆய்வாளராக இருந்து, அப்பணியைத் துறந்து சிற்றூர்க்கு வந்த அனில் சத்கோபால் முன்னின்று தோற்றுவித்த கிஷோர் பாரதி. இவ்விரண்டும் அரசின் இசைவு பெற்று, மாவட்டத்தின் பதினாறு நடுநிலைப் பள்ளிகளில் பணியைத் தொடங்கின. பாடப்பொருள், நூல், தேர்வு ஆகிய மூன்றையும் தாமே வகுத்துக் கொள்ளும் உரிமையை அரசு அப்பள்ளிகளுக்கு அளித்தது. இவ்வுரிமையின் அருமை பின்னர் விளங்கும். டாட்டா நிலையத்து அறிவியலாரும், அடுத்த ஆண்டு முதல் தில்லிப் பல்கலைக்கழக ஆசிரியரும் இப்பணியில் கலந்து கொண்டனர். பல்கலைக்கழக ஆசிரியர் ஆறாம் வகுப்புச் சிறுவனின் பாடத்தை அமைக்க முன்வருதல் நம் நாட்டில் அன்றும் இன்றும் அரிது.

இனி, அவர்கள் அமைத்த பாடம் ஒன்றனை விரிவாக நோக்குவோம். ‘வேரும் இலையும்’ என்னும் பொருள்பட இந்தியில் தலைப்பிட்ட பாடம் அது. மரபான நூலில் இப்பாடம் எவ்வாறு தொடங்கும் என்பதை நாம் அனைவரும் அறிவோம். தாவரங்கள் ஒருவிதையிலைத் தாவரம், இருவிதையிலைத் தாவரம் என இருவகைப்படும். முன்னது இணைப்போக்கு நரம்பமைவும் சல்லிவேரும் உடையது. பின்னது வலைப்பின்னல் நரம்பமைவும் ஆணிவேரும் உடையது என வரையறை நிற்கும். எடுத்துக்காட்டு அதனைத் தொடரும். மாணவன் நான்கு பெயர்களையும் மனப்பாடம் செய்வான். வயலில் நிற்கும் கோதுமைப் பயிரை அவன் ஒருமுறையும் பிடுங்கிப் பார்த்திருக்க வேண்டுவதில்லை.

ஹோஷங்காபாத் பாடத்தில் வகுப்பு முதலில் வெளியே செல்கின்றது. மாணவர் செடிகளை வேரோடு பறித்து வருகின்றனர். இலைகளின் கோடுகள் எவ்வாறு ஓடுகின்றன என்று நோக்கி இரு கூறாகப் பிரிக்கின்றனர். வேர்களையும் அவ்வாறே பிரிக்கின்றனர். பின்னர் ஒவ்வொரு செடிக்கும் இலை எவ்வகை, வேர் எவ்வகை என அட்டவணை ஒன்றில் எழுதுகின்றனர். அட்டவணை நிரம்பிய பின்னரே, இவ்விரண்டற்கும் தொடர்பு உண்டா என்னும் வினா எழுப்பப்படுகின்றது. விடையை நூல் கூறுவதில்லை. நர்மதைக் கரையில் விளையும் கோதுமையும் வரப்பில் வளரும் புல்லும் ஒரு பக்கம் சேர்வதையும், கொண்டைக்கடலையும் துவரையும் மறுபக்கம் சேர்வதையும் தம் கையால் எழுதிய அட்டவணையிலேயே மாணவர் காண்பர்.

இவ்வமைப்பின் சிறப்பு, விதிக்கு அடங்காத செடி வரும்பொழுது புலப்படும். சேம்பின் இலை வலை போன்ற நரம்புடையது. ஆயினும் அது ஒருவிதையிலைத் தாவரமே. வரையறையை முன்னரே பயின்ற மாணவன் சேம்பைக் கண்டால் தன் கண்ணை ஐயுறுவான். அல்லது அச்செடியை ஒதுக்கிவிடுவான். அட்டவணை வழியாக வந்தவன், பெரும்பாலானவை இவ்வாறு உள்ளன, இஃதொன்று வேறாக உள்ளது என்று எழுதுவான். அறிவியற் கூற்றின் இயல்பு அவனுக்கு அங்கே விளங்கிவிடுகின்றது. விதியும் புறனடையும் இலக்கணம் பயின்ற நமக்குப் புதியன அல்ல. வழக்கை நோக்கி விதி செய்தலும், விதியை நோக்கி வழக்கைத் திருத்த முயல்தலும் ஆகிய இரண்டற்கும் உள்ள வேறுபாட்டை நாம் நன்கு அறிவோம். அதே வேறுபாடுதான் இங்கும் உள்ளது.

இவ்விடத்துத் தொல்காப்பிய மரபியலை நினைத்தல் இயல்பு. வயிரம் புறத்தே உடையனவற்றைப் புல் என்றும், அகத்தே உடையனவற்றை மரம் என்றும் பகுத்தபின், ஒவ்வொன்றன் உறுப்புக்கும் உரிய பெயர்களை அந்நூல் அடுத்து வகுத்துரைக்கின்றது. தெங்கும் பனையும் மூங்கிலும் புல்லாதல், ஒருவிதையிலைத் தாவரம் என்னும் இக்காலப் பகுப்போடு பெரிதும் ஒத்து வருகின்றது. இது கொண்டு தொல்காப்பியர் இக்காலத் தாவரவியலை அன்றே அறிந்திருந்தார் எனச் சிலர் எழுதுவது மிகை. கையால் வெட்டியும் பிளந்தும் அறிந்த வேறுபாட்டின்மேல் பகுப்பு நிற்கின்றது என்பதும், உறுப்புப் பெயர்கள் அப்பகுப்பைத் தொடர்ந்து வருகின்றன என்பதுமே நாம் கொள்ளத்தக்கவை.

இத்திட்டத்தின் நூல்கள் ‘பால வைக்ஞானிக்’ என்னும் பெயரின. இளம் அறிவியலாளர் என்பது பொருள். 1978ஆம் ஆண்டு முதல் இவை அச்சு நூல்களாக வெளிவந்தன. இவற்றைப் பாடநூல் என்பதினும் பணிநூல் என்பதே தகும். செய்யுமாறு கூறும் சிறு வாக்கியங்களும், கண்டதைக் கேட்கும் வினாக்களும், நிரப்ப வேண்டிய அட்டவணைகளுமே இவற்றில் மிகுதி, வரையறைகள் அரிது. வினாவிற்கு விடை மாணவனின் குறிப்பேட்டில், அவன் சொற்களிலேயே எழுதப்படும். ஆகவே நூலும் குறிப்பேடும் சேர்ந்தே முழுநூல் ஆகின்றன. ஆசிரியன் பாதி, மாணவன் பாதி எழுதிய நூல் எனல் பொருந்தும்.

இந்நூல்களின் மொழிநடை அக்காலத்து இந்தி அறிவியல் நடையினின்று விலகியது. விடுதலைக்குப் பின் இந்தியில் அறிவியற் சொற்களை ஆக்கும் பணி பெருமுயற்சியாக நடைபெற்றது. இரகுவீரரின் ஆங்கில–இந்திப் பேரகராதி 1955இல் வெளிவந்தது. 1961இல் அறிவியல் தொழில்நுட்பச் சொல்லாக்கத்திற்கென நடுவண் அரசு தனி ஆணையம் ஒன்றை அமைத்தது. இம்முயற்சிகளால் பிறந்த சொற்கள் பெரும்பாலும் வடமொழி வேரின. சிற்றூர்ச் சிறுவனுக்கு அவை ஆங்கிலச் சொற்களைப் போன்றே அயலானவை. பால வைக்ஞானிக் நூல்கள் இச்சொற்களை எதிர்க்கவில்லை, தள்ளி வைத்தன. வகைப்படுத்தல் பற்றிய பாடத்திற்கு ‘குழு அமைக்கக் கற்றுக்கொள்’ என்னும் பொருளில் ஏவல் வாக்கியமே தலைப்பாக நின்றது. இலையின் நரம்பைக் குறிக்கச் சிறுவன் வீட்டில் வழங்கும் சொல்லே முதலிற் போதுமானது. ஒரு செய்தியை அடுத்த குழுவிற்குத் தெளிவாகச் சொல்ல அச்சொல் பற்றாமற் போகும்பொழுது, நூற்சொல் அறிமுகமாகும்.

இந்நெறி எல்லாப் பாடத்திலும் ஒன்றுபோல் வெற்றி பெற்றது எனல் இயலாது. எட்டாம் வகுப்பில் நிகழ்தகவு பற்றிய பாடம் ஒன்று இருந்தது. அதன் தலைப்பிலேயே அருஞ்சொற்கள் இரண்டு நின்றன. அவற்றிற்கு ஈடாக வீட்டுவழக்கில் சொல் அமையவில்லை போலும். எனினும் பாடத்தின் உள்ளடக்கம் எளிமையானது. நாணயத்தைப் பலமுறை சுண்டுதல், பகடையை உருட்டுதல், விழுந்ததை எழுதுதல், வகுப்பினர் அனைவரின் எண்ணிக்கையையும் ஒன்றாகக் கூட்டிப் பார்த்தல் என்பனவே அதன் செய்கைகள். பத்து முறை சுண்டினால் தலையும் பூவும் எவ்வாறும் அமையலாம். எண்ணிக்கை பெருகப் பெருக இரண்டும் பாதிப்பாதியை நெருங்குவதைச் சிறுவன் தன் கணக்கிலேயே காண்பான். பள்ளிக்குள் பகடை உருட்டுதல் பெற்றோர்க்கு எவ்வாறு தோன்றியிருக்கும் என்று எண்ணிப் பார்க்கலாம். சூதினை விலக்கும் அறநூல்களைப் பயின்ற நமக்கும் முதலில் சற்றுத் துணுக்கென்றே இருக்கின்றது.

கருவிகளைப் பற்றிச் சிறிது கூறுதல் போதும். பூவைப் பிரித்து நோக்க ஊசிக்கு மாற்றாகக் கருவேல முள் பயன்பட்டது. 1978இல் டெல்கோ நிறுவனத்துப் பொறியாளராக இருந்து விடுப்பில் வந்து சேர்ந்த அர்விந்த் குப்தா, மிதிவண்டி வால்வுக் குழாயையும் தீக்குச்சிகளையும் கொண்டு வடிவியல் உருக்களைச் செய்து காட்டினார். விலை குறைவு என்பது ஒரு பயன். உடைந்தால் மாணவனே மீண்டும் செய்து கொள்ளலாம் என்பது அதனினும் பெரும்பயன். ஆய்வுக்கருவி பூட்டிய அலமாரியில் உறங்கும் நிலை பல பள்ளிகளில் உண்டு. கருவேல முள்ளைப் பூட்டி வைப்பார் இலர்.

சோதனைகள் அனைத்தும் நால்வர் கொண்ட குழுக்களில் நடந்தன. ஒரு மேசையின் நீளத்தையே ஒவ்வொரு குழுவும் அளந்தால் விடைகள் சிறிது சிறிது வேறுபடும். எது சரி என்று ஆசிரியர் தீர்ப்புக் கூறிவிட்டால் பாடம் அங்கே முடிந்துவிடும். ஏன் வேறுபட்டது என்று வினவினால் அங்கே தொடங்கும். நன்னூற் பொதுப்பாயிரத்தில் பவணந்தியார் கற்றலின் அளவைக் கூறிட்டுக் காட்டுவதை இங்கே ஒப்பு நோக்கலாம். ஆசிரியன் உரைத்ததைச் செவ்வையாகக் கொண்டாலும் புலமையில் காற்பங்கே கைகூடும் என்றும், உடன் பயில்வாரோடு பழகுதலால் மற்றொரு காற்பங்கும், பிறர்க்கு எடுத்துரைத்தலால் எஞ்சிய இருகாலும் நிரம்பும் என்றும் அவர் கருதினார். மாணவன் ஓவியப் பாவைபோல் அடங்கிக் கேட்க வேண்டும் என்ற விதியை மட்டும் நினைவிற் கொண்டு, இக்கணக்கை மறந்துவிட்டோம். ஹோஷங்காபாத் திட்டத்தார் நன்னூலைக் கண்டிருப்பர் என்று கருத இடமில்லை. எனினும் அவர்தம் நால்வர் குழு, உடன்பயில்வார்க்கும் எடுத்துரைத்தலுக்கும் உரிய முக்காற் பங்கினை வகுப்பறைக்குள் மீட்டுத் தந்தது என்பது எம் கருத்து.

நூலைக் காட்டிலும் ஆசிரியரே இத்திட்டத்தின் உயிர்நிலை. கோடை விடுமுறையில் ஏறத்தாழ மூன்று வாரம் அவர்கட்குப் பயிற்சி நடந்தது. அங்கே விரிவுரை கேட்பதினும், மாணவர்போல் நால்வராக அமர்ந்து எல்லாச் சோதனைகளையும் தாமே செய்தலே முதன்மையாயிற்று. பட்டம் பெற்ற அறிவியலாரும், அறிவியலைப் பாடமாகப் பயிலாத நடுநிலைப்பள்ளி ஆசிரியரும் ஒரே மேசையில் அமர்ந்தனர். அதன்பின் மாதந்தோறும் அண்மைப் பள்ளிகளின் ஆசிரியர் ஒரு மையத்தில் கூடி, நடவாத சோதனைகளையும் விளங்காத வினாக்களையும் எடுத்துரைத்தனர். பாடத்தைத் திருத்தும் கருத்துகள் இக்கூட்டங்களிலிருந்தும் வந்தன. நூல்களின் பிற்பதிப்புகள் மாற்றம் பெற்றன. பாடத்திட்டம் என்பது ஓர் ஆசிரியர் முன்னிரவில் குறிப்பேட்டில் எழுதி முடிப்பது என்ற எண்ணத்திற்கு இவ்வழக்கம் முற்றிலும் மாறானது.

தேர்வைப் பற்றிய முடிபே இவற்றுள் துணிவு மிக்கது எனலாம். மாணவன் பணிநூலையும் தன் குறிப்பேட்டையும் தேர்வறைக்குள் கொண்டு செல்லலாம். எழுத்துத் தேர்வோடு செய்முறைத் தேர்வும் உண்டு. நூலைப் பார்த்து எழுதுதல் குற்றமாகாத தேர்வில், நூலில் உள்ளதைக் கேட்டல் பயனற்றது. எனவே புதிய அட்டவணை ஒன்றைத் தந்து அதிலிருந்து பெறப்படுவது யாது என்று கேட்பது போன்ற வினாக்களே அமைதல் வேண்டும். பாடத்தைச் செய்கையாக மாற்றித் தேர்வைப் பழைய நிலையில் விட்டுவைத்த சீர்திருத்தங்கள் பல. ஆண்டிறுதியில் தேர்வு பாடத்தை விழுங்கிவிடுவதே அவற்றின் வரலாறு. 1972இல் பெற்ற தேர்வுரிமையின் அருமை இதுவே.

மற்றொரு செய்தியையும் விடுதல் ஆகாது. சவாலிராம் என்பவருக்கு எழுதுக என்று நூல் மாணவரை அழைத்தது. அப்பெயருடைய ஆள் ஒருவர் உண்மையில் இலர். சிறார் வினவுதற்கென்றே படைத்துக்கொண்ட பெயர் அது. ஆயினும் கடிதங்கள் வந்தன, விடைகளும் சென்றன. வினாவுதல் வகுப்பறைக்குள் ஓர் ஒழுங்கு. ஆளறியாத ஒருவர்க்குத் தானாகவே அஞ்சலட்டை எழுதுதல் வேறொரு துணிவு. சிறார் தம் நடையில் அறிவியலைப் பற்றி எழுதிய உரைநடை என்னும் முறையில் இக்கடிதங்கள் மொழியாராய்ச்சிக்கும் உரியன. இத்தகைய தொகுதி தமிழில் ஒன்று இருப்பின் அதனை எத்துணை விருப்போடு ஆராய்வோம்!

1978இல் திட்டம் மாவட்டத்தின் நடுநிலைப் பள்ளிகள் அனைத்திற்கும் விரிந்தது. 1982இல் இதனைத் தொடர்ந்து நடத்துதற்கென ஏகலவ்யா என்னும் நிறுவனம் தோன்றியது. அது 1985 முதல் ‘சக்மக்’ என்னும் சிறுவர் அறிவியல் இதழையும் வெளியிடலாயிற்று. பின்னர்ப் பிற மாவட்டங்களுக்கும் முறை பரவியது. இவ்விரிவில் இடர்கள் இல்லாமல் இல்லை. தீர்ந்த பொருள்களை நிரப்புதலும், பயிற்சி பெற்ற ஆசிரியர் மாற்றலாகிச் செல்லுதலும் ஓயாத் தொல்லைகள். இவற்றினும் பெரிய குறை ஒன்று அமைப்பிலேயே இருந்தது. திட்டம் எட்டாம் வகுப்போடு முடிவுற்றது. ஒன்பதாம் வகுப்பில் அதே மாணவன் வரையறைகள் நிரம்பிய நூலையும் நினைவாற்றலை அளக்கும் தேர்வையும் எதிர்கொண்டான். மூன்றாண்டு பொருள் முன்னாகக் கற்றவனுக்குப் பெயர் முன்னாகிய உலகம் திடீரெனத் திறந்தது.

இவ்விடைவெளியிலிருந்தே எதிர்ப்பும் பிறந்தது. இம்முறையில் பயின்றோர் மேல்வகுப்புத் தேர்வுகளில் பின்தங்குவர் என்னும் குறை எழுந்தது. மாநிலம் முழுமைக்கும் ஒரே பாடநூல் இருத்தல் வேண்டும் என்னும் கருத்தும் அதனோடு சேர்ந்தது. 2002ஆம் ஆண்டு சூலைத் திங்களில் மாநில அரசு திட்டத்தை நிறுத்தியது. அறிவியலாரும் கல்வியாளரும் எழுப்பிய மறுப்பு பயன் தரவில்லை. பின்தங்குதல் உண்மையாயினும், அது எட்டாம் வகுப்புப் பாடத்தின் குறையா, பத்தாம் வகுப்புத் தேர்வின் குறையா என்னும் வினா முதலில் ஆராயப்பட்டிருத்தல் வேண்டும். முப்பதாண்டுப் பணியை நிறுத்துதற்கு முன் அவ்வாராய்ச்சிக்குப் போதிய இடம் தரப்படவில்லை என்றே கருத வேண்டியுள்ளது. 1972இல் ஓர் இசைவால் கிடைத்த உரிமை, மற்றோர் ஆணையால் நீங்கியது. சட்டத்தில் அதற்கு வேர் இல்லை.

தமிழ் ஆய்வாளர் இவ்வரலாற்றை நோக்குதற்குத் தனிக் காரணம் ஒன்று உண்டு. நம்மிடையே அறிவியற்றமிழின் வரலாறு பெரும்பாலும் கலைச்சொல்லின் வரலாறாகவே எழுதப்பட்டு வந்துள்ளது. யாழ்ப்பாணத்து மானிப்பாயில் மருத்துவர் சாமுவேல் ஃபிஸ்க் கிறீன் பத்தொன்பதாம் நூற்றாண்டில் செய்த மொழிபெயர்ப்புகள், 1916இல் சேலத்தில் இராசகோபாலாச்சாரியார் முதலியோர் தொடங்கிய அறிவியற்சொற் சங்கம், பின்வந்த சொற்பட்டியல்கள் ஆகியவற்றை நிரலே கூறுகின்றோம். இவை போற்றத்தக்க உழைப்பு. ஆயின் ஒரு சொல் பட்டியலில் எந்நாள் ஏறிற்று என்பதை ஆராயும் நாம், வகுப்பறையில் அச்சொல் பாடத்தின் எவ்விடத்தில் வந்தது, அதற்குமுன் மாணவன் யாது செய்திருந்தான் என்பதை ஆராய்ந்ததில்லை. ஆணிவேர், சல்லிவேர் என்பன உழவர் வாயில் வழங்கிய சொற்கள். வேரைக் கண்டார் எவர்க்கும் அவற்றின் பொருள் தானே விளங்கும். அத்தகைய சொல்லும் வேரைக் காணாத மாணவனுக்கு இடுகுறியாகவே நிற்கும். காரணப்பெயர் என்னும் தகுதி சொல்லின் அமைப்பில் மட்டும் இல்லை. கற்பவன் அக்காரணத்தைக் கண்டானா என்பதிலும் உள்ளது.

திட்டம் நின்றபின் அதன் கருத்துகள் முற்றும் மறைந்துவிடவில்லை. 2005ஆம் ஆண்டின் தேசியக் கலைத்திட்டச் சட்டகம் செய்து கற்றலை வற்புறுத்தியது. அதன் வழியே 2006 முதல் 2008 வரை வெளிவந்த நடுநிலை வகுப்பு அறிவியல் நூல்கள் செயல்களை நிரம்பக் கொண்டிருந்தன. கலைச்சொற்கள் பாடத்தின் தொடக்கத்தில் நில்லாமல் இறுதியில் பட்டியலாக நின்றன. ஆயின் அப்பட்டியலை அடுத்து, கற்றவை இவை எனப் பாடத்தின் முடிபுகள் அனைத்தும் சிறு வாக்கியங்களாகத் தொகுத்துத் தரப்பட்டன. தேர்வுக்குப் படிக்கும் மாணவன் நூலை எப்பக்கத்திலிருந்து திறந்திருப்பான் என்பதை ஊகித்தல் அரிதன்று.